நாற்பத்தொரு பேர்

உலகத்தில் இந்தப் பேருக்கு நாற்பத்தொரு பேர் என்று
எக்காட் எழுதியிருந்தார்.
ரயில்களுக்கு நேரசூசி போட்டு ஓய்ந்தவர்,
எண்ணாமல் இருக்க ஏலாது போலும்.
கூடவே ஒரு வரைபடம்.
வடகடலோரம் முப்பத்திரண்டு சிவப்புப் புள்ளி,
கனடாவில் எட்டு, சிலியில் ஒன்று.
இலங்கை இருக்கவேண்டிய இடத்தில்
கடிதத்தின் மடிப்பு விழுந்திருந்தது.

பிராக்ஹோர்ன்.
எங்கள் வாயில் அது முழுசாய் நின்றதில்லை.
வெல்டிங் கடைக்கு வருகிறவர்களுக்கு நான்
பிறக்கோன் அண்ணன்.
ஆறாம் வகுப்பில் சௌந்தரி ரீச்சர்
கரும்பலகையில் அதைப் பிரித்துப் போட்டார்:
பிற, கோன்.
"மற்றாக்கள்ட ராசா" என்றார்.
அந்த வருசம் முழுக்க எனக்கு முடி சூட்டினார்கள்,
காலில் செருப்பில்லை.

எக்காட்டின் பிரிப்பு வேறு.
பிராக் என்பது, அணை உடைந்து உள்ளே வந்த கடல்
திரும்பிப் போகாமல் தங்கிய உவர்க்குட்டை.
ஹோர்ன், தண்ணீருக்குள் நீட்டிய நிலமூக்கு.
வாசித்ததும் எழும்பி
டச்பார் பக்கம் பார்த்தேன்.
அந்தப்பக்கம் கடல், இந்தப்பக்கம் வாவி,
நடுவில் எங்கள் உடுப்புக் காயும் கொடி.
அடிக்குறிப்பில் இன்னொன்றும் இருந்தது:
பிராக் வேட்டைநாயாகவும் இருக்கலாம்,
அப்படியானால் நாய்க்கொம்பு. உறுதியில்லை.
"நாய்க்கு எங்ககா கொம்பு?" என்றாள் மெல்சியா.
எனக்கும் தெரியவில்லை.

முதல் ஆள் யோகான்.
ஒல்லாந்தக் கம்பனிக்குக் கூலிக்குச் சுட வந்தவன்.
கடனுக்குப் பயந்தா, பசிக்குப் பயந்தா, தகவல் இல்லை.
கோட்டையில் துவக்குப் பூட்டுத் திருத்தினான்.
கம்பனி போனது, அவன் போகவில்லை.
கட்டியவள் போத்துக்கீசம் பேசினாள்.
ஆகையால் எங்களுக்குச் செபம் போத்துக்கீசம்,
பேர் ஜேர்மன்,
கோபம் வந்தால் தமிழ்.

சரி, நாமும் எண்ணுவோம் என்று
ஞாயிறு பூசை முடிந்து கொப்பியை விரித்தேன்.
தாண்டவன்வெளிக் கோயில் பதிவில் பிறாகோன்.
தம்பி டெரன்சின் அடையாள அட்டையில் பிரக்கன்.
திருகோணமலையில் கட்டின லொறேனா
பேரையே இறக்கி வைத்துவிட்டாள்.
பனிச்சையடியில் மூன்று வீடு, பறக்கோன்;
எந்தப் பதிவாளரின் பேனைக்கு இறகு முளைத்ததோ.

மறுகா ஒரு பட்டியல் இருந்தது.
விரும்பி எடுக்கவில்லை.
இரண்டாயிரத்து நான்கு, மார்கழி, டச்பார்.
காணாமற்போனோர் என்பதன் கீழே
பிறக்கோன் இரண்டு,
பிராக்கன் ஒன்று,
பறக்கன் நான்கு.
எல்லாரும் ஒரே வீடு,
நத்தார் கேக்கை ஒரே மேசையில் வெட்டியவர்கள்.
படிவத்தோடு போன அண்ணன் ஒஸ்மனிடம்
"இது உங்கட புள்ளையெண்டு பேர் சொல்லல்லியே" என்று
விதானையார் தாளைத் திருப்பித் தள்ளினார்.
கெட்ட மனிசன் இல்லை,
அவருக்கும் அன்றைக்கு வீடில்லை.
ஒஸ்மன் சத்தம் போடவில்லை.
வெளியே வந்து கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.
எங்கள் கடையில் அடித்த கேற்.

எழுத்தைப் பாராமல் ஆளைப் பார்த்தால்
உயிரோடு இருபத்தாறு.
மற்ற ஏழையும் சேர்க்கலாமா என்று எழுதிக் கேட்டேன்.
எக்காட்டின் விதிப்படி முடியாது.
மூன்று கிழமைக்குப் பிறகு பதில் வந்தது,
இம்முறை கையெழுத்தில்:
எழுத்து மாறினால் வேறு பேர் என்றே
இவ்வளவு காலமும் வைத்திருந்தேன்.
என் அப்பாவும் போருக்குப் பின்
ஒரு எழுத்தைத் தொலைத்தவர்தான்.

புது வரைபடத்தை மடிக்காமல்
குழாயில் சுருட்டி அனுப்பியிருந்தார்.
மட்டக்களப்பில் ஒரு புள்ளி.
தடித்த பேனை போல.
கோட்டை, கல்லடிப் பாலம், வாவி,
டச்பார் எல்லாம் அதற்குள் போய்விட்டன.
கொஞ்சம் கடலிலும் விழுந்திருக்கிறது.

திருத்தச் சொல்லி நான் எழுதவில்லை.